பெயர் மாறினும் முகம் மாறுமோ?

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களாகிய நமக்கு மிகவும் பழக்கமான கேள்வி ஒன்று உண்டு. "தங்களுக்கு எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே அது. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இக்கேள்விக்கு விடை கூறினால், கேட்டவர் பொழுது சாய்வதற்குள் அதைச் சரிபார்த்துவிடலாம். நம் பாட்டனாரை அறிந்த பெரியவர் ஒருவர் அத்தெருத் திண்ணையிலேயே அமர்ந்திருப்பார். ஹைதராபாத்திலோ சிகந்தராபாத்திலோ அது இயலாது. பத்மராவ் நகரில் வீடு பார்க்க வந்த தமிழ்க் குடும்பம், "நாங்கள் கும்பகோணத்தார்" என்று சொன்னால், வீட்டுக்காரர் அச்சொல்லை நம்பிச் சாவியைக் கொடுக்கிறார். ஸ்கந்தகிரிக் கோயிலில் இருமுறை கண்ட முகத்தை மூன்றாம் முறை நாம் காப்பி அருந்த வீட்டுக்கு அழைக்கிறோம். முன்பின் அறியாத ஊரில் நம்மை வாழவைப்பது இந்த நம்பிக்கைதான்.

இதே நம்பிக்கையின் நிழலில், மூவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இருவர் பெயரை மாற்றிக்கொண்டு ஏறத்தாழ 19 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தனர் என்றால், அது நம் நெஞ்சை உறுத்தாமல் இராது. அவ்வழக்கு கேரளத்தில் தொடங்கிப் புதுச்சேரியில் வெளிப்பட்டது. ஆயினும் அதன் வேர்களுள் ஒன்று நாம் வாழும் இந்நகரின் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருக்கிறது. ஆகவே அதனை நம் குடும்பங்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது தகும் என்று கருதுகிறோம்.

அஞ்சலில் நடந்தது

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலையிறங்கிக் கொல்லம் நோக்கிச் செல்வோர் புனலூரை அறிவர். அதற்கு அருகில் உள்ள ஊர் அஞ்சல். கடிதப் போக்குவரத்தைக் குறிக்கும் நம் சொல்லைப் போலவே ஒலித்தாலும் இஃது ஊர்ப்பெயரே. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், அவ்வூர்ப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இளந்தாய் ஒருவரும், அவர் ஈன்ற இரட்டைப் பெண் மகவுகளும் கழுத்தறுக்கப்பட்டு இறந்து கிடந்தனர். குழந்தைகள் பிறந்து 17 நாட்களே ஆகியிருந்தன. அவ்விளந்தாயின் அன்னையார், பேத்திகளின் பிறப்புச் சான்றிதழுக்காகப் பஞ்சாயத்து அலுவலகம் சென்றிருந்தார். குழந்தைகளின் பிறப்பை அரசாங்கத்தின் ஏட்டில் பதிவு செய்யச் சென்றவர், திரும்பி வந்து கண்டது அவர்களுடைய உயிரற்ற உடல்களை.

புலனாய்வாளர் கூறிய வரலாறு இது. அப்பெண்ணுக்கு மணமாகவில்லை. அண்டையில் வாழ்ந்த இளைஞன் ஒருவனோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. அவன் இராணுவத்தில் பணிபுரிந்தவன். அவர் கருவுற்றதும் அவன் விலகினான். தான் தந்தையல்லன் என்றான். அப்பெண் மானத்துக்கு அஞ்சி மூலையில் முடங்கிவிடவில்லை. கேரள மாநில மகளிர் ஆணையத்தின் முன் சென்று முறையிட்டார். குழந்தைகளின் தந்தை யார் என்பதை அறிய டி.என்.ஏ. சோதனை நடத்துமாறு ஆணையம் கட்டளையிட்டது. அச்சோதனை நடைபெறுமுன் கொலை நடந்தது.

இதில் மற்றொருவனுக்கும் பங்குண்டு என்பது குற்றச்சாட்டு. அவன் அதே படைப்பிரிவில் பணியாற்றிய நண்பன். பேறுகாலத்தில் திருவனந்தபுரத்து மருத்துவமனையில் தாயும் மகளும் இருந்தபோது, வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் அவர்களோடு பழகினான். உதவி செய்யும் நல்லவனைப் போல் நடந்து அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றான் என்று புலனாய்வாளர் கூறுகின்றனர். பெற்றவரும் மகளும் தனியே தவித்த நேரத்தில் கை கொடுக்க வந்தவனை அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. அந்நிலையில் நாமாயினும் நம்பியிருப்போம்.

இறந்தவர்களின் பெயர்களையும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களையும் இங்கு நாம் எழுதவில்லை. முன்னவர்களின் துயரம் ஊர்ப்பேச்சுக்கு உரியதன்று. பின்னவர்களின் குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணியேயன்றிப் பத்திரிகையின் பணியன்று.

ஆயினும் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பெண் பழிக்குப் பழி கேட்கவில்லை. ஓர் உண்மையைக் கேட்டார். "என் குழந்தைகளுக்குத் தந்தை யார் என்பதைச் சோதித்துச் சொல்லுங்கள்" என்பதற்கு மேல் அவர் முறையீட்டில் என்ன இருந்தது? சட்டம் அவருக்கு ஒரு கட்டளைத்தாளைக் கொடுத்தது. அத்தாள் வெளியான நாள்தொட்டு அவ்வீட்டுக் கதவுக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது. அக்காவலை யாரும் நினைக்கவில்லை.

ஹைதராபாத் தந்த சான்று

அச்சோதனைக்கு ஏன் அவ்வளவு அஞ்சவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். முற்காலத்தில் தந்தைமை என்பது வாய்ச்சொல்லைப் பொறுத்தது. ஆண்மகன் மறுத்தால் பெண் அழுவதன்றி வழியில்லை. பஞ்சாயத்தார் முன் சத்தியம் செய்யச் சொல்வார்கள்; பொய்ச் சத்தியம் செய்தவனைத் தெய்வம் கேட்கும் என்று கலைந்துபோவார்கள். பின்னர் வந்த இரத்தப் பிரிவுச் சோதனை, "இவன் தந்தையாக இருக்க முடியாது" என்று சில வேளைகளில் விலக்கிச் சொல்லுமேயன்றி, "இவனே தந்தை" என்று உறுதியாகச் சொல்ல வல்லதன்று.

இந்நிலையை மாற்றிய ஆராய்ச்சி நம் நாட்டில் நடந்தது இந்த ஹைதராபாத்தில்தான். உப்பல் சாலை வழியே ஹப்சிகுடாவைக் கடந்து செல்லும் நம்மவர் பலர், உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் மதிற்சுவரை நாள்தோறும் காண்கின்றனர். சி.சி.எம்.பி. என்று நம் பிள்ளைகள் சுருக்கமாகச் சொல்வது அதனையே. அங்கே பணியாற்றிய லால்ஜி சிங் என்னும் அறிஞர், கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றின் மரபுப்பொருளை ஆராய்ந்து பெற்ற கருவியைக் கொண்டு, மனிதரை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறியும் டி.என்.ஏ. முறையை நம் நாட்டில் நிறுவினார். குழந்தையின் மரபுப்பொருளில் பாதி தாயினுடையது, பாதி தந்தையினுடையது. தாயின் பங்கை நீக்கிவிட்டால் எஞ்சியது தந்தையைக் காட்டிக் கொடுக்கும். இதுவே அம்முறையின் சாரம்.

இந்திய நீதிமன்றத்தில் இச்சான்று முதன்முதலில் இடம்பெற்றதும் ஒரு கேரளத்துத் தந்தைமை வழக்கில்தான். தலைச்சேரியைச் சேர்ந்த அவ்வழக்கிலும் ஓர் ஆண்மகன் தன் குழந்தையை மறுத்தான். 1980-களின் இறுதியில் இரத்த மாதிரிகள் ஹைதராபாத்துக்கு வந்தன. சோதனை உண்மையைச் சொல்லிற்று. 1991-இல் கேரள உயர்நீதிமன்றமும் அச்சான்றை ஏற்றது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் கொலையாளியின் உடற்பகுதிகளை அடையாளங்காணவும் இம்முறை துணைநின்றது. பின்னர் 1990-களில் இதற்கென்றே தனியான டி.என்.ஏ. அடையாள மையம் ஒன்று இந்நகரில் தோன்றியது. லால்ஜி சிங் 2017-இல் மறைந்தார்.

தலைச்சேரித் தாய்க்குக் கிடைத்த உண்மை, 15 ஆண்டுகள் கழித்து அஞ்சலில் மற்றொரு தாய்க்குக் கிடைக்கவிருந்தது. சத்தியத்தைப் பொய்யாகச் செய்யலாம்; இச்சோதனையைப் பொய்யாக்க இயலாது. அஞ்சியதற்குக் காரணம் இதுவே என்பது புலனாய்வாளர் முடிவு.

ஏறத்தாழ 19 ஆண்டுகள்

கொலைக்குப் பின் அவ்விருவரும் ஊரிலும் இல்லை, படைமுகாமிலும் இல்லை. பதான்கோட்டு முகாம் வரை சென்று தேடிய காவல்துறையினர் வெறுங்கையோடு திரும்பினர். ஆண்டுகள் உருண்டன. 2010-இல் உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி வழக்கு சி.பி.ஐ.யின் கைக்கு மாறியது. அதன் பின்னரும் ஆண்டுகள் உருண்டன. கொலையுண்ட குழந்தைகள் உயிரோடிருந்தால் பள்ளிக்குச் சென்றிருப்பர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருப்பர், கல்லூரியிலும் சேர்ந்திருப்பர். மகளையும் பேத்திகளையும் ஒரே நாளில் இழந்த அன்னையார் அந்த ஆண்டுகள் அனைத்தையும் எண்ணிக்கொண்டு வாழ்ந்தார்.

2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் செய்தி வந்தது. அவ்விருவரும் புதுச்சேரியில் பிடிபட்டனர். அங்கே வேறு பெயர்களில், அப்பெயர்களுக்குரிய சான்றுகளோடு, வீடுகளின் உள்ளலங்காரத் தொழில் செய்துகொண்டிருந்தனர். இருவருக்கும் மணமாகியிருந்தது, குடும்பமும் இருந்தது. தப்பியோடியவன் காட்டில் பதுங்கியிருப்பான், தாடி வளர்த்துச் சாமியாராகத் திரிவான் என்றெல்லாம் நாம் கற்பனை செய்கிறோம். இவர்களோ காலையில் தொழிலுக்குப் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் இல்லறத்தாராக வாழ்ந்தனர். பிறர் வீட்டுக்குள் சென்று அதை அழகு செய்து தருவதே அவர்கள் தொழிலாக இருந்தது. எத்தனை குடும்பங்கள் அவர்களிடம் வீட்டுச் சாவியை ஒப்படைத்திருக்கும்!

மண்முகமும் கணிப்பொறி முகமும்

அவர்கள் எவ்வாறு அகப்பட்டனர்? கேரளக் காவல்துறையின் தொழில்நுட்பப் பிரிவினர் பழைய வழக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது, 2006-க்கு முற்பட்ட அவர்களுடைய நிழற்படங்களைக் கணிப்பொறிக்கு ஊட்டினர். செயற்கை நுண்ணறிவு என்று இன்று சொல்லப்படும் முறையின் துணையால், அம்முகங்கள் 19 ஆண்டு முதுமை எய்தினால் எவ்வாறிருக்கும் என்று பலவகையாக வரைந்து பார்த்தனர். அவ்வாறு கிடைத்த முகங்களைச் சமூக வலைத்தளங்களில் மக்கள் தாமே வெளியிட்டிருக்கும் படங்களோடு ஒப்பிட்டனர். முகநூலில் கிடந்த ஒரு திருமணப் படத்தில் உள்ள முகம் பெரிதும் ஒத்தது. அந்நூலைப் பிடித்துச் சென்றவர்கள் புதுச்சேரியை அடைந்தனர். ஒருவர் அகப்பட்டதும் மற்றவர் இருக்குமிடமும் தெரிந்தது.

முகத்தை முதுமைப்படுத்திக் குற்றவாளியைத் தேடுவது புதிய எண்ணமன்று. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில், 1971-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், ஜான் லிஸ்ட் என்னும் கணக்கர் தம் மனைவியையும், தாயையும், மூன்று மக்களையும் சுட்டுக் கொன்றார். பாலையும் செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்லி, குடும்பத்தோடு வெளியூர் செல்வதாகப் பள்ளிக்கும் தெரிவித்துவிட்டு அவர் மறைந்தார். ஏறத்தாழ ஒரு திங்கள் கழிந்த பின்னரே உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. 18 ஆண்டுகள் அவர் அகப்படவில்லை. 1989-இல் ஃபிராங்க் பெண்டர் என்னும் சிற்பி, முதுமையடைந்த லிஸ்டின் முகம் எவ்வாறிருக்கும் என்று எண்ணி மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்தார். அதற்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் அணிவித்தார். அச்சிலையைத் தொலைக்காட்சியில் கண்டு, "இவர் எமக்குத் தெரிந்தவர் ஆயிற்றே" என்று சொன்னவர் முன்பு அவருக்கு அண்டையில் வாழ்ந்த ஒருவர். லிஸ்ட் வேறு பெயரில், மறுமணம் செய்துகொண்டு, வர்ஜீனியா மாநிலத்தில் அதே கணக்கர் தொழிலில் இருந்தார். 1990-இல் தண்டனை பெற்ற அவர் 2008-இல் சிறைவாசியாகவே இறந்தார்.

சிற்பியின் கை செய்ததையே இன்று கணிப்பொறி விரைவாகச் செய்கிறது. ஆனால் இரண்டு வழக்கிலும் பொதுவானது ஒன்றுண்டு. மறைந்தவர் பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார், உறவையும் மாற்றினார். முகத்தை மட்டும் உடன் கொண்டுசென்றார்.

அகப்படாதவர்கள்

எல்லோரும் அகப்பட்டுவிடுவர் என்று சொல்வது உண்மையாகாது. நம் அண்டை மாநிலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. அபுதாபியில் பணியாற்றிய சுகுமார குறுப்பு என்பவர் பெருந்தொகைக்கு ஆயுள் காப்பீடு செய்திருந்தார். 1984-ஆம் ஆண்டு ஜனவரியில், மாவேலிக்கரைக்கு அருகில் ஒரு வயலோரத்தில் அவருடைய அம்பாசடர் கார் எரிந்து கிடந்தது. உள்ளே கருகிய உடல் ஒன்று இருந்தது. குறுப்பு இறந்தார் என்று ஊர் நம்பியது. உண்மையில் இறந்தவர், இரவில் வண்டிக்காகச் சாலையில் காத்து நின்ற சாக்கோ என்னும் திரைப்பட நிறுவனப் பிரதிநிதி. காப்பீட்டுப் பணத்துக்காக அவரைக் கொன்று தம் உடலாகக் காட்ட முயன்றார் குறுப்பு. அவருடைய மைத்துனரும் ஓட்டுநரும் ஆயுள் தண்டனை பெற்றனர். குறுப்போ இன்றளவும் அகப்படவில்லை. சாக்கோவின் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். தந்தையின் முகம் காணாமலே அக்குழந்தை பிறந்தது.

அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரியான பிராட்ஃபோர்டு பிஷப் என்பவரின் வழக்கும் இவ்வாறே நிற்கிறது. 1976-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள், மனைவியும் தாயும் மூன்று புதல்வருமாகிய ஐவரைக் கொன்றதாக அவர்மீது குற்றச்சாட்டு. அவருடைய வண்டி மலைப்பகுதி ஒன்றில் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. 2014-இல் அந்நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறை தேடப்படுவோர் பதின்மர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2018-இல் வேறொருவருக்கு இடம் தரும்பொருட்டு நீக்கியது. வழக்கு மூடப்படவில்லை.

அறிவியல் கருவியும் மனிதர் கையில்தான் இருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. 2008-இல் நொய்டாவில் ஒரு சிறுமியும் வீட்டுப் பணியாளரும் கொலையுண்ட வழக்கை நாடறியும். அவ்வழக்கில் ஒரு தலையணை உறை எங்குக் கிடைத்தது என்பது மிக முக்கியமான வினா. நம் நகரத்து டி.என்.ஏ. மையத்தின் அறிக்கையில் அவ்வுறையின் விவரம் ஓரிடத்தில் மாறியிருந்தது. அது தட்டச்சுப் பிழை என்று 2011-இல் விளக்கம் தரப்பட்டது. 2017-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் பெற்றோரை விடுவித்தது. கொன்றவர் யார் என்பது இன்னும் துலங்கவில்லை. ஆகவே கணிப்பொறி ஒரு முகத்தைக் காட்டிற்று என்ற அளவில் ஒருவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டுதல் தவறு. அது வழிகாட்டும் விளக்கு, தீர்ப்பு அன்று.

சட்டம் மறப்பதில்லை

"இத்தனை ஆண்டு கடந்தபின் வழக்கு நிற்குமா?" என்று நண்பர் சிலர் ஐயுறுகின்றனர். நிற்கும். சிறு குற்றங்களுக்குச் சட்டம் கால வரம்பு வைத்திருக்கிறது. கொலைக்கு அவ்வரம்பு இல்லை. தலைமறைவானவரை நீதிமன்றம் பகிரங்க அறிவிப்பின் மூலம் அழைக்கலாம். வராவிடில் அவர் சொத்தை முடக்கலாம். சாட்சிகள் முதுமையால் இறந்துவிடக்கூடும் என்பதால், ஓடியவர் இல்லாத நிலையிலேயே அவர்களுடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்து வைக்கவும் வழியுண்டு. பிற்காலத்தில் அவர் அகப்பட்டால், சாட்சி உயிரோடில்லாவிடினும் அவ்வாக்குமூலம் பேசும்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னும் ஒருபடி செல்கிறது. அறிவிக்கப்பட்ட தலைமறைவுக் குற்றவாளி வேண்டுமென்றே வாராதிருந்தால், குற்றச்சாட்டு வனையப்பட்டு 90 நாள் கழிந்தபின், உரிய அறிவிப்புகளைச் செய்து, அவர் இல்லாமலே விசாரணையை நடத்தித் தீர்ப்பளிக்கலாம் என்று அதன் 356-ஆம் பிரிவு கூறுகிறது. இதனால் நிரபராதி எவரும் தீங்குறாமல் நீதிமன்றங்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். எனினும் ஓடிப்போவதே தப்பும் வழி என்ற எண்ணத்துக்கு இது ஒரு தடை என்பதில் ஐயமில்லை.

நம் கடமை யாது?

அன்பர்களே! இவ்வழக்கைப் படித்தபின் புதிதாக வருவோரையெல்லாம் ஐயத்தோடு நோக்கத் தொடங்கினால், நாம் தவறான பாடத்தைக் கற்றவராவோம். நாமும் ஒரு காலத்தில் தகரப்பெட்டியோடு இவ்வூர் நிலையத்தில் இறங்கிய புதியவர்களே. மொழி தெரியாத நமக்கு ஒருவர் இடம் கொடுத்தார். அதனால் நாம் இன்று இருக்கிறோம். நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. அதற்குக் கண்கள் இருந்தால் போதும்.

முதலாவது, வீட்டை வாடகைக்கு விடுவோர் குடியிருக்க வருபவரின் சான்றுகளைப் பெற்று, காவல் நிலையத்தில் அவற்றைக் கொடுத்து வைத்தல் நன்று. அது வருபவரை அவமதிப்பதாகாது. பெண்ணையோ பிள்ளையையோ மணம் பேசும்போது இது இன்னும் இன்றியமையாதது. "மாப்பிள்ளை நல்ல உழைப்பாளி, பெற்றோர் இல்லை, ஊரில் யாருமில்லை" என்ற அளவில் பேச்சை முடித்துவிடலாகாது. படித்த பள்ளி, வேலை பார்த்த இடம், பிறந்த ஊர் ஆகிய மூன்றில் ஒன்றையேனும் நேரில் சென்று கண்டறிய வேண்டும். புதுச்சேரியில் தம் கணவரின் பெயரே பொய் என்று ஒரு நாள் காலையில் அறிந்த மனைவியரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயர் என்ற இடத்தில் அவர்கள் இனி எதை எழுதுவர்? அவர்கள் செய்த குற்றம் யாது? அண்டை அயலார் அவர்களைப் பழிக்காமல் ஆதரிப்பதும் நீதியின் ஒரு பகுதியே.

இரண்டாவது, நம் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஏமாற்றப்பட்டு வந்து நின்றால், முதலில் அவளை வைவதும், பின்னர் ஊருக்கு அஞ்சி மறைப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். வெளியூரில் வாழும் குடும்பங்களில் இது இன்னும் மிகுதி. இங்கே மாமன் இல்லை, சிற்றப்பன் இல்லை. செய்தி ஊருக்குப் போனால் தலைகுனிவு என்று எண்ணுகிறோம். அஞ்சல் பெண்ணின் அன்னையார் அவ்வாறு செய்யவில்லை. மகளைக் கைவிடாமல் மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் அவளுடன் நின்றார். அத்தகைய நிலையில் உள்ள பெண்ணுக்குத் துணை நிற்போர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். முறையீடு செய்யும் முன்னர் உள்ள ஆபத்தைவிட, கட்டளை பிறந்தபின் உள்ள ஆபத்து பெரிது. உண்மை வெளிப்படும் நாள் நெருங்க நெருங்க, அதை அஞ்சுபவரின் சினமும் வளரும். ஆகவே முறையீட்டோடு பாதுகாப்பையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவளைத் தனியே விடலாகாது. திடீரென்று உதவ வரும் அறிமுகமற்றவர் யார் என்பதைக் கேட்டறிய வேண்டும். நம் சங்கத்து அன்பர்கள் இருவர் முறைவைத்து அவ்வீட்டுக்குச் சென்று வந்தாலே அதுவும் ஒரு காவல்தான்.

மூன்றாவது, பழைய நிழற்படங்களையும் கடிதங்களையும் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். இவ்வழக்கில் 19 ஆண்டுகளுக்குப் பின் பேசியது ஒரு பழைய படம். குடும்பத்தில் யாரேனும் காணாமற் போனாலும், "எங்கேயாவது நன்றாயிருப்பான்" என்று விட்டுவிடாமல், காவல்துறையில் எழுதிக்கொடுத்து அதன் படியை வைத்திருங்கள். வெளிமாநிலத்தில் இறந்து அடையாளம் தெரியாமல் புதைக்கப்படுவோர் பலர், எங்கோ ஒரு தாய் காத்திருக்கும் பிள்ளைகளாவர்.

அரசன் அன்று கொல்வான். தெய்வம் நின்று கொல்லும் என்பது நம் முன்னோர் மொழி. தெய்வம் நின்று கொல்வதற்கும் மனிதர் சிலர் நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் பழைய கட்டைப் பிரித்துப் பார்த்த காவலர் காத்திருந்தனர். எல்லோரையும்விட, பிறப்புச் சான்றிதழ் வாங்கச் சென்று திரும்பிய அந்த அன்னையார் காத்திருந்தார். 2025 ஜனவரியில் கைதுச் செய்தி வந்தபோது அதைக் கேட்க அவர் உயிரோடிருந்தார். மகளையும் பேத்திகளையும் எந்த நீதிமன்றமும் அவருக்குத் திருப்பித் தர இயலாது. ஆயினும் அவர் மகள் எழுப்பிய கேள்வி கேட்பாரற்றுப் போய்விடவில்லை என்ற அளவில் அவருக்கு ஓர் ஆறுதல் உண்டு.

அடுத்த முறை, "தங்களுக்கு எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்று நம்மை ஒருவர் கேட்டால் சினம் கொள்ளாமல் விடை கூறுவோம். நாமும் பிறரை அன்போடு கேட்போம். நேர்மையாளருக்கு அக்கேள்வியால் இழப்பு ஏதுமில்லை.